ஆடையும் அடையாளமும்: தஞ்சை ஓவியங்கள் முதல் குடும்பப் படம் வரை

தஞ்சை வளநாட்டில் நம் முன்னோர் எவ்வாறு தோற்றமளித்தனர்? எதை உடுத்தினர்? இக்கேள்வியோடு ஓர் இளைஞர் புறப்பட்டால் அவர் எங்கே செல்வார்? இராசராசன் எடுப்பித்த பெரிய கோயிலின் உள்சுற்றுச் சுவர்களில் சோழர் கால ஓவியங்கள் உண்டு. அரசரும் அடியவரும் ஆடல் மகளிரும் அங்கே காட்சி தருகின்றனர். நாற்று நட்டவரையும் வரப்பு வெட்டியவரையும் இரவெல்லாம் மடை காத்தவரையும் அந்தச் சுவர்களில் தேடிப் பயனில்லை. அவர்களைப் படத்தில் காண வேண்டுமானால் நாம் கடல் கடந்து செல்ல வேண்டும். இலண்டன் மாநகரின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் பிரிட்டிஷ் நூலகத்திலும் தஞ்சையில் தீட்டப்பெற்ற நீர்வண்ண ஓவியங்கள் பல பாதுகாக்கப்பட்டு வருகின்றன. அவற்றிலேதான் நம் மூதாதையர் நிற்கின்றனர்.

நம் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் ஓவியத்தைப் பற்றியும் உடையைப் பற்றியும் எழுதுவது எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். கல்விக்கும் உடைக்கும் என்ன தொடர்பு என்பதும் நியாயமான வினாவே. அத்தொடர்பை நாம் கற்பனை செய்யவில்லை. நம்மை அடக்கி வைத்தவர்களே அதை எழுதி வைத்தார்கள். அதனை உரிய இடத்தில் காண்போம்.

கம்பெனியார் காலத்து ஓவியங்கள்

1773இல் ஆர்க்காட்டு நவாபும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியும் சேர்ந்து தஞ்சையைக் கைப்பற்றினர். 1776இல் துளசாவுக்கு அரசு திரும்பக் கிடைத்தது. ஆயினும் கம்பெனியின் படையும் அதிகாரிகளும் தஞ்சையை விட்டு அகலவில்லை. 1799இல் இரண்டாம் சரபோசி ஒப்பந்தத்தில் கையெழுத்திட, நாட்டின் ஆட்சி கம்பெனியிடம் சென்றது. கோட்டையும் பட்டமும் மட்டுமே மன்னரிடம் எஞ்சின. 1855இல் அவர் மகன் சிவாசி ஆண் வாரிசின்றி இறந்ததும் அதுவும் முடிவுற்றது.

இவ்வாறு வந்து தங்கிய ஆங்கிலேயர்க்கு இந்நாட்டு மக்களைப் பற்றி அறியும் ஆவல் இருந்தது. ஆள வேண்டியவர்களை அறிந்துகொள்ள வேண்டிய தேவையும் இருந்தது. தாயகத்து உறவினர்க்குக் காட்டப் படங்கள் வேண்டினர். அந்நாளில் புகைப்படம் தோன்றவில்லை. எனவே அரண்மனையையும் பாளையத்தையும் சார்ந்து வாழ்ந்த ஓவியர்களிடம் படம் எழுதச் சொன்னார்கள். இவ்வோவியர்களை ஆங்கிலேயர் 'மூச்சியர்' என்று குறித்துள்ளனர். சீமையிலிருந்து வந்த தாளில், சீமையார் விரும்பிய முறையில், நம் நாட்டுத் தூரிகை எழுதிய படங்கள் இவை. கலை வரலாற்றார் இவற்றைக் 'கம்பெனி ஓவியங்கள்' என்பர்.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் தஞ்சையில் எழுதப்பட்ட இப்படங்களுக்கு ஒரு பொது அமைப்பு உண்டு. ஒரு தாளுக்கு ஒரு சாதி அல்லது ஒரு தொழில். கணவனும் மனைவியும் அருகருகே நிற்பர். கையில் தொழிற்கருவி இருக்கும். கால்களின் கீழ் சிறிது தரை, தலைக்கு மேல் சிறிது வானம். அடியில் ஒரு பெயர். அந்தப் பெயர் மனிதரின் பெயரன்று, சாதியின் பெயர். பார்ப்பனரும் மனைவியும், நெசவாளியும் மனைவியும், கள்ளிறக்குவோரும் மனைவியும், சிப்பாயும் மனைவியும் என்று ஏடு விரிகிறது. பறையரும் மனைவியும் அந்த வரிசையில் இடம்பெறுகின்றனர்.

இம்முறை தஞ்சையோடு நிற்கவில்லை. 1837இல் மதுரையில் 72 சாதியினரின் படங்கள் கொண்ட ஓர் ஏடு தொகுக்கப்பட்டது. டேனியல் பூர் என்னும் அமெரிக்கப் பாதிரியார் வில்லியம் டுவைனிங் என்னும் மற்றொரு பாதிரியார்க்கு அதனை அன்பளிப்பாக அளித்தார். இன்று அது அமெரிக்க நாட்டு யேல் பல்கலைக்கழகத்தின் நூலகத்தில் இருக்கிறது. 72 'மாதிரிகள்' என்றே அதன் தலைப்பு கூறுகிறது. விதை நெல்லுக்கு மாதிரி உண்டு, துணிக்கு மாதிரி உண்டு. மனிதரையும் மாதிரியாக எண்ணிய காலம் அது.

முகம் ஒன்று, உடை பல

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் திருச்சிராப்பள்ளியில் மற்றொரு வகை ஓவியம் வளர்ந்தது. காக்காப்பொன் எனப்படும் அப்பிரகத்தை மெல்லிய தகடாக உரித்து அதன்மேல் வண்ணம் தீட்டுவது அவ்வகை. வங்கத்து முர்சிதாபாத்திலும் காசியிலும்கூட இத்தொழில் நடந்தது. விலை மலிவு, கையடக்கம், ஆதலால் வெள்ளையர் விரும்பி வாங்கினர்.

அப்பிரகப் படங்களில் ஒரு விளையாட்டு வகை இருந்ததை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். அடியில் ஓர் அட்டை. அதில் ஒரு முகம் மட்டும் எழுதப்பட்டிருக்கும். மேலே வைப்பதற்குப் பல அப்பிரகத் தகடுகள். ஒவ்வொன்றிலும் தலையில்லாத ஓர் உடை தீட்டப்பட்டிருக்கும். ஒரு தகட்டை வைத்தால் அந்த முகம் பூசாரி ஆகும். அதை எடுத்து மற்றொன்றை வைத்தால் வண்ணார் ஆகும். இன்னொன்றை வைத்தால் சிப்பாய் ஆகும்.

வெள்ளையர் வீட்டுக் கூடத்தில் பொழுது போக்குவதற்காகச் செய்யப்பட்ட பொருள் இது. ஆயினும் நம் நாட்டு அறநூல்கள் பல சொல்லத் தயங்கிய உண்மையை அது சொல்லிவிட்டது. எல்லார்க்கும் முகம் ஒன்றே. மேலே போர்த்திய உடையே ஒருவனைப் பார்ப்பனனாகவும் மற்றொருவனைப் பறையனாகவும் காட்டுகிறது. அந்த உடையை யார் போர்த்தினார்கள் என்பதே வரலாறு கேட்க வேண்டிய கேள்வி.

படம் துணி வணிகமான கதை

ஆங்கிலேயர் நம் உடையை ஆராய்ந்ததற்கு ஆவல் மட்டுமே காரணமாக இருந்ததில்லை. 1866இல் போர்ப்ஸ் வாட்சன் என்பவர் இந்திய நெசவுத் துணிகளின் மாதிரிகளைத் திரட்டி 18 தொகுதிகளாக வெளியிட்டார். 700 துணித் துண்டுகள் அவற்றில் ஒட்டப்பட்டிருந்தன. 20 படிகள் மட்டுமே செய்யப்பட்டன. அவற்றுள் 13 பிரித்தானியத் தீவுகளில் வைக்கப்பட்டன, 7 இந்தியாவுக்கு அனுப்பப்பட்டன. நம் மக்கள் எந்த நீளத்தில், எந்தக் கரையில், எந்த நிறத்தில் உடுத்துகின்றனர் என்று அறிந்து அதே போன்ற துணியை ஆலையில் நெய்து நமக்கே விற்பது அம்முயற்சியின் வெளிப்படையான நோக்கமாகும்.

அவரும் ஜான் வில்லியம் கே என்பவரும் சேர்ந்து 1868 முதல் 1875 வரை 'இந்திய மக்கள்' என்னும் பொருள்படும் தலைப்பில் எட்டுத் தொகுதிகள் வெளியிட்டனர். அவற்றில் தூரிகையின் இடத்தைக் கேமரா பிடித்தது. முறை மாறவில்லை. ஆளின் பெயர்க்குப் பதில் இனத்தின் பெயரே இருந்தது. 1909இல் சென்னை அருங்காட்சியகத்தைச் சார்ந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அவர் தலையின் அகலத்தையும் மூக்கின் நீளத்தையும் கருவி கொண்டு அளந்தவர். கம்பெனி ஓவியர் உடையால் பிரித்ததை அவர் எலும்பாலும் பிரிக்க முயன்றார்.

ஆனால் அதே தர்ஸ்டனின் நூலில் நமக்கு வேண்டிய ஒரு செய்தியும் உண்டு. தஞ்சை, மதுரை மாவட்டங்களில் கோலியர் என்னும் நெசவாளர் வாழ்ந்தனர் என்றும், அவர்கள் பறையரிலிருந்து பிரிந்தவர் என்றும் 1901ஆம் ஆண்டுக் குடிக்கணக்கைச் சான்று காட்டி அந்நூல் கூறுகிறது. இடைக்காலக் கல்வெட்டுகளில் தறிகளுக்கான வரிகளைக் கூறுமிடத்தில் 'பறைத்தறி' என்னும் சொல் வருவதை ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆக, நம் முன்னோர் தறியில் அமர்ந்து துணி நெய்தவர்கள். ஊருக்கு ஆடை தந்த கைகள் நம்முடையவை. அந்தக் கைகளுக்குரியோர்க்கே முழு ஆடை மறுக்கப்பட்டது.

வயலின் உடையும் கட்டளையின் உடையும்

இனி அந்தத் தஞ்சை ஓவியங்களை மீண்டும் நோக்குவோம். உழைக்கும் மக்களின் படங்களில் ஆடவர்க்கு முழங்காலுக்கு மேல் நிற்கும் துணி, தலையில் ஒரு துண்டு. பெண்டிர்க்கு இரவிக்கையில்லாத சேலை. இதனைப் பார்த்த வெள்ளையர், இவர்களின் வழக்கமான உடை இதுதான் என்று எழுதி வைத்தனர். இன்று அப்படத்தைக் காணும் நம் இளைஞரும் வெட்கத்தோடு முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கூடும். இருவரும் காணத் தவறும் செய்தி ஒன்று உண்டு.

சேற்றில் இறங்குகிறவர் வேட்டியை மடித்துக் கட்டுவது தொழிலின் தேவை. நடவுக்குச் செல்லும் பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகுவதும் அவ்வாறே. குறுவையும் சம்பாவும் தாளடியும் விளையும் நாட்டில் இதில் வெட்கத்துக்கு இடமே இல்லை. ஆனால் கரையேறிக் கால் கழுவித் தெருவில் நடக்கும்போதும் வேட்டியை இறக்கிவிடலாகாது, துண்டு தோளில் கிடக்கலாகாது, இடுப்பிலோ கக்கத்திலோ இருக்க வேண்டும் என்பது கட்டளை. ஓவியருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருந்தாலும் அவர் தாளில் அதைக் காட்ட வழியில்லை. தேவையால் உடுத்தியதும் அச்சத்தால் உடுத்தியதும் படத்தில் ஒன்றாகவே தெரிகின்றன.

உடுத்தும் துணிதானும் எங்கிருந்து வந்தது? தஞ்சையில் பண்ணையாள் முறை நிலவிய காலத்தில் ஆளுக்குக் கூலி நெல்லாக அளக்கப்பட்டது. ஆண்டுக்கொரு முறை பண்டிகையை ஒட்டி மிராசுதாரர் வீட்டிலிருந்து ஒரு வேட்டியும் ஒரு சேலையும் கிடைக்கும். 1951 முதல் 1953 வரை தஞ்சைச் சிற்றூர்களில் தங்கி ஆய்வு செய்த கேத்லீன் கஃப் அம்மையார் பண்ணையாட்களின் வாழ்வை விரிவாக எழுதியுள்ளார். தனக்கு என்ன துணி, எத்தனை முழம், எப்போது என்பதைத் தானே முடிவு செய்ய இயலாதவரின் உடையை அவருடைய 'மரபுடை' என்று அழைப்பது பொருந்துமா? 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை முறைக்கு நீதிமன்றத்தில் இருந்த ஆதரவை நீக்கியது உண்மையே. ஆனால் பண்ணைக் கடனும் குடியிருப்பு மனையும் மிராசுதாரர் கையில் இருந்தவரை அந்தச் சட்டம் சேரிக்குள் நுழைய நெடுங்காலம் பிடித்தது.

சட்டையும் சிலேட்டும்

தொடக்கத்தில் நாம் குறிப்பிட்ட தொடர்பை இப்போது காண்போம். உடைக்கான போராட்டம் தமிழகத்தின் தென்கோடியில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே எழுந்தது. திருவிதாங்கூரில் சாணார் பெண்டிர் மேலாடை அணியும் உரிமைக்காக அடிபட்டு அவமதிக்கப்பட்டுப் போராடினர். சென்னை ஆளுநர் சார்லஸ் டிரவெல்யனின் வற்புறுத்தலுக்குப் பின் 1859 சூலையில் திருவிதாங்கூர் அரசு அவ்வுரிமையை அறிவித்தது. அப்போதும் மேற்சாதிப் பெண்டிர் உடுத்தும் முறையில் உடுத்தலாகாது என்னும் நிபந்தனை கூடவே வந்தது.

தஞ்சைக்குத் தெற்கே உள்ள இராமநாதபுரத்தில் 1930 திசம்பரில் ஆதிதிராவிடர்க்கு எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின் ஆணையராகப் பணியாற்றிய ஜே. எச். ஹட்டன் சாதியைப் பற்றி எழுதிய நூலில் அவற்றைப் பதிவு செய்துள்ளார். பொன் நகையும் வெள்ளி நகையும் அணியலாகாது. ஆடவர் உடை முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் செல்லலாகாது. கோட்டு, சட்டை, பனியன் கூடா. தலைமுடியைக் கத்தரித்துக்கொள்ளலாகாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்டிர் உடலின் மேற்பகுதியை இரவிக்கையாலோ தாவணியாலோ மறைக்கலாகாது. பூவும் மஞ்சளும் சூடிப் பூசலாகாது. குடையும் செருப்பும் கூடா.

மக்கள் பணியவில்லை. ஆகவே 1931 சூனில் தடைகள் பதினொன்றாயின. புதிதாகச் சேர்ந்தவற்றைப் படிக்கும்போதுதான் நம் நெஞ்சு திடுக்கிடுகிறது. ஆதிதிராவிடப் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கலாகாது. அவர்கள் மிராசுதாரரின் மாடுகளை மேய்க்க வேண்டும். ஆணும் பெண்ணும் மிராசுதாரர் பண்ணையில் அடிமைகளாக உழைக்க வேண்டும். சட்டைக்குத் தடை விதித்த கையே சிலேட்டுக்கும் தடை விதித்தது. முதலில் சட்டை அணிவான், பின்பு பள்ளிக்குச் செல்வான், அதன்பின் கூலிக்குக் கணக்குக் கேட்பான் என்று அவர்கள் சரியாகவே கணித்தார்கள். உடைக்கும் கல்விக்கும் என்ன தொடர்பு என்று கேட்போர்க்கு இந்தப் பட்டியலே விடையாகும்.

தோளில் ஏறிய துண்டு

காவிரிப் படுகையில் இந்நிலை எப்படி மாறியது? ஒரு வழியால் அன்று, பல வழிகளால் மாறியது. நாகப்பட்டினத்துத் துறைமுகத்தில் கப்பலேறிய நம் மக்கள் பலர் மலாயாவின் தோட்டங்களில் இரப்பர்ப் பால் வெட்டினர். கங்காணியின் கடனிலும் தோட்டத்துத் துரையின் அதிகாரத்திலும் அவர்கள் பட்ட துன்பம் பெரிது. ஆயினும் ஊர் திரும்பியோரின் பெட்டியில் சட்டை இருந்தது. அதை அணிந்து தெருவில் நடப்பதே ஒரு செயலாக இருந்தது. 1938இல் இந்திய அரசு கூலிகளை ஆதரித்து மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்யும்வரை இந்தப் போக்குவரத்து நீடித்தது.

1925இல் தோன்றிய சுயமரியாதை இயக்கம் தோளில் துண்டு அணிவதை மானத்தின் அடையாளமாக ஊர்தோறும் பேசியது. 1943இல் பி. சீனிவாசராவ் தஞ்சை மண்ணுக்கு வந்து பண்ணையாட்களையும் குத்தகையாளர்களையும் விவசாயிகள் சங்கத்தில் திரட்டினார். சாணிப்பாலும் சவுக்கடியும் ஒழிய வேண்டும் என்பது அச்சங்கத்தின் முதற் கோரிக்கைகளுள் ஒன்று. 1952இல் பண்ணையாட்களைப் பாதுகாக்கும் சட்டம் தஞ்சைக்கென்றே வந்தது. கூலி உயர்வு கேட்ட கீழ்வெண்மணி மக்கள் 44 பேர் 1968 திசம்பர் 25ஆம் நாள் இரவில் தீக்கிரையானதை நாம் மறக்க இயலுமா? நிமிர்ந்து நின்றதற்காகக் கொடுத்த விலை அது.

இவ்விடத்தில் இரு தலைவர்களின் உடையை ஒப்பிட்டுப் பார்ப்பது பொருந்தும். 1921 செப்டம்பர் 22ஆம் நாள் மதுரையில் காந்தியடிகள் சட்டையையும் தொப்பியையும் துறந்து அரையாடை பூண்டார். ஏழை உழவனைப் போல் வாழ விரும்பிய அவருடைய உள்ளத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் சட்டையைக் கழற்ற வேண்டுமானால் முதலில் சட்டை அணியும் உரிமை இருக்க வேண்டும். அண்ணல் அம்பேத்கர் கோட்டும் காற்சட்டையும் கழுத்துப்பட்டையும் அணிந்து அவைகளில் நின்றதன் பொருள் இதுவே. 1927 திசம்பரில் மகத்தில் கூடிய பெண்களிடம் அவர், தாழ்ந்தவர் என்று காட்டும் முறையில் சேலை கட்டுவதை விடுங்கள், மற்றப் பெண்களைப் போல் கணுக்கால் வரை உடுத்துங்கள் என்று வேண்டினார். அப்பிரகத் தகடுகளில் தீட்டிய உடையைப் பிறர் எடுத்து வைத்தனர். இப்போது தமக்குரிய உடையைத் தாமே எடுத்து வைக்கும் காலம் வந்தது.

நம் வீட்டுச் சுவரில் உள்ள படம்

இவ்வாறு மாறிய காலத்தின் சான்று எங்கே இருக்கிறது? நம் உறுப்பினர்களின் இல்லங்களில் சுவரில் மாட்டிய குடும்பப் படங்களில் இருக்கிறது.

இம்மலருக்காகப் படங்கள் தேடியபோது ஓர் இல்லத்தில் நாம் கண்ட படத்தைச் சொல்கிறோம். கணவர் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். மனைவி அருகில் நிற்கிறார். கணவர் அணிந்துள்ள கோட்டின் கை, விரல்களை மறைக்கும் அளவு நீண்டுள்ளது. புகைப்பட நிலையத்தார் வருவோர்க்கெல்லாம் கொடுக்கும் கோட்டு அது என்பது பார்த்தவுடன் புரிகிறது. மனைவி சேலையைக் கணுக்கால் வரை உடுத்தி, முழுக்கை இரவிக்கை அணிந்து, கூசாமல் நேரே நோக்குகிறார். இடையில் நிற்கும் சிறுவனின் கையில் ஒரு புத்தகம். அதுவும் நிலையத்தாரின் புத்தகமாகவே இருக்கலாம். இரவல் கோட்டு, இரவல் புத்தகம் என்று நகைப்போர் நகைக்கட்டும். 1930இல் தடுக்கப்பட்ட பொருள்களும் 1931இல் தடுக்கப்பட்ட பொருளும் அந்த ஒரே படத்தில் ஒன்று சேர்ந்துள்ளன. தம் பிள்ளையை எந்த நிலையில் காண விரும்பினார்களோ அந்த நிலையைக் காசு கொடுத்து அவர்கள் படமாக எழுதி வைத்தார்கள்.

அந்தக் கணவன் மனைவி நின்ற விதம் தஞ்சைக் கம்பெனி ஓவியத்தில் உள்ள விதமே. இருவர், அருகருகே, எதிரே நோக்கியபடி. வேறுபாடு ஒன்று மட்டும். அங்கே படம் வேண்டியவர் துரை. இங்கே படம் வேண்டியவர் படத்தில் உள்ளவரே.

இவர்கள் யார் என்று வீட்டாரைக் கேட்டோம். தாத்தாவின் சிற்றப்பாவாக இருக்கலாம் என்றார் ஒருவர். இல்லை, பாட்டியின் அண்ணன் என்றார் மற்றொருவர். பெயர் எவர்க்கும் தெரியவில்லை. சட்டத்தைக் கழற்றிப் பின்புறம் பார்த்தோம். வெறும் அட்டை. துரைமார் நம் முன்னோரின் பெயரை எழுதவில்லை என்று இதுகாறும் குறை கூறி வந்தோம். நம் வீட்டுப் படத்தில் நாமும் எழுதவில்லையே என்று அப்போது தலை குனிந்தோம். இன்னும் ஒரு தலைமுறை சென்றால் அந்தப் படமும் 'ஒருவரும் அவர் மனைவியும்' என்று ஆகிவிடும்.

பிறர் செய்து வரும் பணி

இக்குறையை உணர்ந்த அறிஞரும் கலைஞரும் சிலர் உள்ளனர். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழகத்துப் பழைய புகைப்பட நிலையங்களிலும் வீடுகளிலும் உள்ள குடும்பப் படங்களைப் படியெடுத்துப் பாதுகாத்து வருகின்றனர். பூஞ்சை பிடித்தும் செல்லரித்தும் அழியும் படங்கள் இதனால் பிழைத்துள்ளன.

பெங்களூரைச் சார்ந்த கலைஞர் புஷ்பமாலா, புகைப்படக்காரர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000 முதல் 2004 வரை ஒரு படவரிசை செய்தார். வெள்ளையர் காலத்து ஆய்வுப் படங்களிலும் நாட்காட்டிப் படங்களிலும் திரைப்படங்களிலும் உள்ள தென்னிந்தியப் பெண்களைப் போல் தாமே உடை பூண்டு நின்றார். கட்டமிட்ட திரையின் முன் அளக்கப்படும் பெண்ணாகவும் அவர் நின்றார். 'மாதிரி' என்று நின்ற பெண்ணின் இடத்தில், எண்ணமும் பெயரும் உடைய ஒருத்தி நிற்கும்போது பார்ப்பவர்க்குக் கூச்சம் பிறக்கிறது. அக்கூச்சத்தை உண்டாக்குவதே அக்கலையின் வேலை.

நம் சமுதாயத்திலிருந்தே எழுந்த கலைஞர் ஒருவரையும் குறிப்பிட வேண்டும். மதுரை மாவட்டத்து வாடிப்பட்டியைச் சார்ந்த ஜெய்சிங் நாகேஸ்வரன் தம் சொந்தக் குடும்பத்தையே படமெடுத்து உலகின் பார்வைக்கு வைத்துள்ளார். அவருடைய பாட்டியார் நம் பிள்ளைகளுக்கெனப் பள்ளி தொடங்கிய ஆசிரியை. பாட்டி பள்ளி கட்டினார், பேரன் படம் எடுக்கிறார். இரண்டும் ஒரே பணியின் இரு பகுதிகள் என்றே நாம் எண்ணுகிறோம்.

நாம் செய்ய வேண்டியது

அன்புள்ள இளைஞர்களே! இலண்டனில் உள்ள அந்தத் தஞ்சை ஓவியங்களைக் கண்டால் வெட்கப்படாதீர்கள், வெறுத்து ஒதுக்கவும் வேண்டாம். எழுதச் சொன்னவரின் நோக்கம் எதுவாயினும், எழுதிய ஓவியர் நம் மூதாதையர்க்கும் மற்றவர்க்குக் கொடுத்த அளவு இடமே கொடுத்தார். அவர்கள் முழு உருவத்தோடு நேராக நிற்கின்றனர். கையில் வளையும் காதில் அணியும் உழைப்பின் கருவியும் உள்ளன. துணியின் கரையும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. சோழர் காலச் சுவர்கள் தராத சான்று அது. அதனை நாம் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். அடியில் எழுதிய பெயரை மட்டும் ஏற்க வேண்டியதில்லை.

அதனோடு வேறொரு கடமையும் உண்டு. இவ்வெள்ளிவிழா ஆண்டில் ஒவ்வொருவரும் தம் வீட்டிலுள்ள பழைய படத்தைச் சுவரிலிருந்து இறக்குங்கள். வீட்டில் உள்ள முதியவரின் அருகில் அமர்ந்து கேளுங்கள். இவர் பெயர் என்ன? எந்த ஊர்? எந்தப் பண்ணையில் உழைத்தார்? எப்போது சட்டை அணிந்தார்? அன்று ஊரில் என்ன நடந்தது? முதன்முதலில் பள்ளிக்குச் சென்றவர் யார்? விடைகளைப் படத்தின் பின்புறம் அழியாத மையால் எழுதுங்கள். ஒரு படியைச் சங்கத்தில் ஒப்படையுங்கள். கேட்க வேண்டியதைக் கேட்பதற்குரிய முதியவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அடுத்த மலர் வரும்வரை பொறுத்திருக்க இயலாது.

எழுதப் படிக்கலாகாது என்று தடுக்கப்பட்டவரின் பேரப்பிள்ளைகள் நாம். நம் கையில் இன்று எழுதுகோல் இருக்கிறது. அதனால் எழுதும் முதற்சொல் அவர்களின் பெயராக இருக்கட்டும்.